கண்ணில் படாத புரதங்களைத் தேட எந்தப் பட்டியல்? யூனிப்ராட், ஜென்கோட், ஓப்பன்ப்ராட் ஓர் ஒப்பீடு

"மாஸ் ஸ்பெக் டேட்டா கையில் இருக்கிறது. யூனிப்ராட்டில் இல்லாத சின்னச் சின்னப் புரதங்களும் அதில் ஒளிந்திருக்கலாம் என்று படித்தேன். எந்தப் பட்டியலை இறக்கித் தேடுவது?" செல்லின் புரதங்களை மொத்தமாக ஆராயும் புரோட்டியோமிக்ஸில் புதிதாக இறங்கும் ஆய்வு மாணவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். மாஸ் ஸ்பெக் என்பது புரதத்தை வெட்டிய துண்டுகளின் (பெப்டைடுகளின்) நிறையை அளக்கும் கருவி. அளந்ததை யூனிப்ராட் போன்ற ஒரு புரதப் பட்டியலோடு பொருத்தித்தான் எந்தப் புரதம் என்று சொல்வார்கள். பெரும்பாலும் இந்தக் கேள்வி வருவதற்கு முன்பே, இருப்பதிலேயே பெரிய பட்டியலை இறக்கி, தேடலையும் ஓட்டி முடித்திருப்பார்கள். முடிவில் ஐநூறு "புதுப் புரதங்கள்" வந்திருக்கும். அவற்றில் எதை நம்புவது என்று தெரியாமல் நிற்பார்கள்.

எந்தப் பட்டியலையும் கெட்டது என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொன்றும் வேறு கேள்விக்கு விடை சொல்லக் கட்டப்பட்டது. உங்கள் கேள்வியும் பட்டியலின் கேள்வியும் பொருந்தாதபோதுதான் மாதக்கணக்கில் வேலை வீணாகிறது. மனித ஜீனோமை முதன்மையாக வைத்து எழுதுகிறேன். மற்ற உயிரினங்களைப் பற்றி ஆங்காங்கே சொல்கிறேன்.

## ஏன் இவை விடுபட்டன

1996-இல் ஈஸ்ட்டின் ஜீனோம் முழுதாக வெளியானபோது, புரதம் என்று எண்ணுவதற்குக் குறைந்தது 100 கோடான் (ஓர் அமினோ அமிலத்தையோ நிறுத்தத்தையோ குறிக்கும் மூன்றெழுத்துத் தொகுதி) நீளம் வேண்டும் என்று ஒரு கோடு கிழித்தார்கள். அந்தக் கோட்டுக்குக் காரணம் இருந்தது. 64 கோடான்களில் 3 நிறுத்தக் கோடான்கள். எழுத்துகளைக் கண்டபடி கலைத்துப் போட்டாலும், 30 கோடான் தூரத்துக்கு நிறுத்தமே வராமல் போகும் வாய்ப்பு சுமார் 24 சதவீதம். 100 கோடான் தூரத்துக்கு அது 1 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். சின்ன ஓஆர்எஃப்களை, அதாவது தொடக்கக் கோடானில் ஆரம்பித்து நிறுத்தக் கோடானில் முடியும் துண்டுகளை எல்லாம் சேர்த்தால், தற்செயலாக உருவானவையே பட்டியலை நிரப்பிவிடும். அதனால் வெட்டினார்கள்.

அந்த வெட்டில் உண்மையான புரதங்களும் போயின. இதயத் தசையில் கால்சியத்தை மீண்டும் உள்ளிழுக்கும் செர்கா பம்பின் வேகத்தைக் கூட்டும் டுவார்ஃப் என்ற புரதம், எலியில் வெறும் 34 அமினோ அமிலம்தான். 2016-இல் அதைக் கண்டுபிடிக்கும்வரை அதன் ஆர்என்ஏவுக்கு "புரதம் தராதது" என்ற முத்திரை குத்தப்பட்டிருந்தது. எலும்புத் தசையில் அதே பம்பை அடக்கும் மையோரெகுலின் 46 அமினோ அமிலம். அதன் கதையும் இதேதான்.

நீளம் ஒரு காரணம் என்றால், "ஒரு எம்ஆர்என்ஏ, ஒரு புரதம்" என்ற பழைய எண்ணம் இன்னொன்று. எம்ஐஇஎஃப்1 என்ற மனித ஜீனை எடுத்துக்கொள்ளுங்கள். பாடப்புத்தகக் கணக்கில் அது தருவது 463 அமினோ அமிலமுள்ள மிட்51 என்ற மைட்டோகாண்ட்ரியப் புரதம். அதே எம்ஆர்என்ஏவில், முக்கியச் சட்டகம் (அந்தப் பெரிய புரதத்துக்கான பகுதி) தொடங்குவதற்கு முன்னால் 70 அமினோ அமிலம் தரும் ஒரு சின்ன ஓஆர்எஃப் இருக்கிறது. 2018-இல் கனடாவின் ஷெர்புரூக் பல்கலைக்கழகக் குழு இரண்டையும் அளந்து பார்த்தபோது, செல்லில் அதிகமாக இருந்தது அந்தச் சின்னப் புரதம்தான். ஜீனுக்குப் பெயர் தந்த புரதம் அளவில் பின்தங்கியிருந்தது.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் பார்க்க வேண்டியது, பட்டியலில் ஒரு வரி எந்தச் சான்றால் உள்ளே வந்தது என்பதை. கணினிக் கணிப்பு மட்டுமா, புரதத்தைக் கட்டும் ரைபோசோம் அதன் மேல் ஓடியதை ரைபோ-செக் முறையில் பார்த்தார்களா, பெப்டைடே கிடைத்ததா, அந்தப் புரதம் செய்யும் வேலையும் தெரியுமா? இவை நான்கு வேறு படிகள். ஒன்றில் நின்றுகொண்டு அடுத்ததை எட்டிவிட்டதாக எழுதும் கட்டுரைகள் நிறைய வருகின்றன.

அடுத்து, பட்டியல் எதை வெளியே விட்டது. நீள வரம்பு எவ்வளவு? தொடக்கக் கோடான் வழக்கமான ஏயுஜி மட்டுமா? எந்த டிரான்ஸ்கிரிப்ட் (ஜீனிலிருந்து படியெடுத்த ஆர்என்ஏ) தொகுப்பின் மேல் கட்டினார்கள்?

மூன்றாவது, அதை வைத்துத் தேடினால் புள்ளியியலில் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும். இதைத்தான் பலரும் பார்ப்பதே இல்லை. ஓப்பன்ப்ராட் பகுதியில் கணக்கோடு சொல்கிறேன்.

நான்காவது பராமரிப்பு. அடையாள எண்கள் நிலைக்குமா, பதிப்பு மாறினால் பழையதைத் திரும்ப எடுக்க முடியுமா, இரண்டு வருடம் கழித்து அந்தத் தளமே இருக்குமா?

| | யூனிப்ராட் (ஸ்விஸ்-ப்ராட்) | ஜென்கோட் ரைபோ-செக் பட்டியல் | ஓப்பன்ப்ராட் | எஸ்எம்ப்ராட் | சொந்த ரைபோ-செக் |
|---|---|---|---|---|---|
| நுழைவுச் சான்று | ஆள் பார்த்துச் சரிபார்த்தது | ரைபோசோம் தடம் | கணிப்பு. மேலே சான்று தனியாக | கலவை | உங்கள் செல்லின் ரைபோசோம் தடம் |
| மனிதனுக்கு அளவு | சுமார் 20,400 | 7,264 | லட்சக்கணக்கில் | மிகப் பெரிது | சில ஆயிரம் |
| நீள வரம்பு | இல்லை | குறைந்தது 16 | குறைந்தது 30 | 100-க்குள் | நீங்கள் வைப்பது |
| உயிரினங்கள் | எல்லாம் | மனிதன் | 10 | 8 | உங்களுடையது |
| மறைவான விலை | புதியது கிடைக்காது | புரதம் என்ற உறுதி இல்லை | பொய்ப் பொருத்தம் | மூலத்தைத் துருவ வேண்டும் | பணம், நேரம், அனுபவம் |

## யூனிப்ராட்: எல்லோருக்கும் அடித்தளம்

எதைத் தேர்ந்தெடுத்தாலும் யூனிப்ராட் உங்கள் ஃபாஸ்டா கோப்பில், அதாவது தேடலுக்குக் கொடுக்கும் புரத வரிசைகளின் கோப்பில், இருந்தே ஆக வேண்டும். அது இல்லாமல் சின்னப் புரதங்களின் பட்டியலை மட்டும் வைத்துத் தேடினால், தெரிந்த புரதங்களின் ஸ்பெக்ட்ரம் (கருவி பதிவு செய்யும் நிறை வரைபடம்) எல்லாம் போக இடமில்லாமல் பக்கத்தில் கிடைத்ததோடு ஒட்டிக்கொள்ளும்.

ஸ்விஸ்-ப்ராட் பகுதியில் ஒவ்வொரு பதிவையும் ஆள் உட்கார்ந்து படித்துச் சேர்க்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை ஒரு "இருப்பு எண்" உண்டு. 1 என்றால் புரத அளவிலேயே சான்று இருக்கிறது, 5 என்றால் சந்தேகம். பலர் இந்த எண்ணைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஒரு ஜீனைப் பற்றி எழுதும்முன் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

மெதுவாக நகர்வதுதான் இதன் குறை. ஆனால் யூனிப்ராட் சின்னப் புரதங்களை ஒதுக்குகிறது என்ற பேச்சு சரியில்லை. போதுமான சான்று வந்தால் சேர்க்கிறார்கள். டுவார்ஃப் உள்ளே இருக்கிறது. எம்ஐஇஎஃப்1 ஜீனின் அந்த 70 அமினோ அமிலப் புரதத்துக்கும் தனிப் பதிவு இருக்கிறது. "யூனிப்ராட்டில் இல்லாததைக் கண்டுபிடித்தேன்" என்று எழுதும்முன் இன்றைய பதிப்பில் தேடிப் பாருங்கள், ஆய்வகக் கணினியில் மூன்று வருடமாகக் கிடக்கும் பழைய கோப்பில் வேண்டாம்.

ட்ரெம்பிள் பகுதி தானியங்கியாக வளர்வது. மனிதனுக்கு அதைச் சேர்ப்பதால் துண்டு துக்கடா வரிசைகள் பெருகும். புதுச் சின்னப் புரதங்களைத் தேட அது பெரிதாக உதவாது.

## ஜென்கோட் ரைபோ-செக் பட்டியல்: மனிதனுக்கு என் முதல் தேர்வு

ரைபோ-செக் முறை 2009-இல் வந்தது. மொழிபெயர்ப்பு நடக்கும்போதே செல்லை நிறுத்தி, ரைபோசோம் மூடியிருக்கும் சுமார் 28 முதல் 30 எழுத்துத் துண்டுகளை மட்டும் எடுத்துப் படிப்பார்கள். ரைபோசோம் மூன்று மூன்று எழுத்தாகத் தாவுவதால், உண்மையான மொழிபெயர்ப்பு நடந்த இடத்தில் தடமும் மூன்றெழுத்துத் தாளத்தில் விழும். வெறுமனே ஒட்டிக்கொண்ட குப்பையில் அந்தத் தாளம் இருக்காது.

ஆனால் ஆளுக்கொரு பட்டியல் வெளியிட்டார்கள். ஒரே டேட்டாவை இரண்டு மென்பொருளில் ஓட்டினால் இரண்டு வேறு பட்டியல் வரும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க, மனித ஜீன்களைப் பட்டியலிடும் ஜென்கோட், யூனிப்ராட், மனிதப் புரோட்டியோம் திட்டம், பெப்டைடுஅட்லஸ் போன்றவற்றைச் சேர்ந்தவர்கள் ஒன்று கூடி, ஏழு ஆய்வுகளை ஒரே அளவுகோலில் கோத்து 2022-இல் 7,264 ஓஆர்எஃப் கொண்ட முதல்கட்டப் பட்டியலை வெளியிட்டார்கள். அவற்றில் 3,085 ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளில் கண்டவை.

அவர்கள் இவற்றைப் புரதம் என்று அழைக்கவில்லை, "ரைபோ-செக் ஓஆர்எஃப்" என்று மட்டும் சொன்னார்கள். அந்த நிதானம் எனக்கு மிகவும் பிடித்தது. ரைபோசோம் ஓடுவது வேறு, செல்லில் நிலைத்து நிற்கும் புரதம் கிடைப்பது வேறு. முக்கியச் சட்டகத்துக்கு முன்னால் இருக்கும் பல சின்ன ஓஆர்எஃப்களின் வேலை, பின்னால் வரும் புரதத்தின் உற்பத்தியைக் கூட்டிக் குறைப்பதோடு முடிந்துவிடலாம். வெளிவரும் பெப்டைடு உடனே சிதைந்துபோகலாம்.

எத்தனைக்குப் பெப்டைடு கிடைக்கும்? 2024-இல் வந்த ஒரு பெரிய மறு ஆய்வு 95,520 சோதனைகளிலிருந்து 380 கோடி ஸ்பெக்ட்ரங்களை எடுத்து இந்த 7,264-ஐயும் தேடியது. குறைந்தது 25 சதவீதத்துக்குப் பெப்டைடு சான்று கிடைத்தது. அதில் பெரும்பகுதி, நோய் எதிர்ப்பு அமைப்புக்காக ஹெச்எல்ஏ மூலக்கூறுகள் செல்லின் மேற்பரப்பில் தூக்கிக் காட்டும் பெப்டைடுகளிலிருந்து வந்தது. புரதத்தை ட்ரிப்சின் நொதியால் வெட்டி எடுக்கும் சாதாரண டேட்டாவில் கிடைத்தது கொஞ்சம்தான். செல் சிதைத்துப் போடுவதில் ஒரு பங்குதான் ஹெச்எல்ஏவில் ஏறுகிறது. ஆகவே அங்கே ஒரு பெப்டைடு தென்பட்டால் அது உற்பத்தியானது என்று சொல்லலாம். செல்லுக்குள் நின்று வேலை செய்தது என்று சொல்ல முடியாது. புற்றுநோய் தடுப்பூசி இலக்கு தேடுபவருக்கு முதல் விஷயமே போதும். புதுப் புரதத்தின் வேலையைத் தேடுபவருக்குப் போதாது.

மறைவான விலை என்று பார்த்தால், முதல்கட்டத்தில் ஏயுஜியில் தொடங்குபவையும் 16 அமினோ அமிலத்துக்குக் குறையாதவையும் மட்டுமே சேர்ந்தன. அந்த ஏழு ஆய்வுகளில் வராத திசுவில் மட்டும் உற்பத்தியாகும் புரதம் இதில் இருக்காது. உங்கள் ஆய்வு விழித்திரையிலோ விந்தகத்திலோ என்றால் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

என்றாலும் 7,264 என்பது சிறிய எண். யூனிப்ராட்டோடு சேர்த்தாலும் தேடல் பரப்பு பெரிதாக வீங்காது. ஒவ்வொரு வரிக்கும் பின்னால் குறைந்தபட்சம் ஒரு ஆய்வகச் சோதனை இருக்கிறது. மனித டேட்டாவோடு வருகிறவர்களிடம் முதலில் இதை வைத்து ஓட்டுங்கள் என்றுதான் சொல்வேன்.

## ஓப்பன்ப்ராட்: வலையின் அகலமும் அதன் விலையும்

எம்ஐஇஎஃப்1 ஆய்வைச் செய்த அதே ஷெர்புரூக் குழுவின் உருவாக்கம் இது. அடிப்படை எண்ணம் எளிது, துணிச்சலானதும்கூட: ஒரு எம்ஆர்என்ஏ பல புரதம் தரலாம். என்செம்பிள், ரெஃப்செக் என்ற இரண்டு ஜீன் தளங்களிலும் உள்ள டிரான்ஸ்கிரிப்ட்களை எடுத்து, 30 கோடானுக்குக் குறையாத எல்லா ஓஆர்எஃப்களையும் கணித்துப் போடு. பிறகு மாஸ் ஸ்பெக், ரைபோ-செக், பரிணாம ஒற்றுமை ஆகிய சான்றுகளை ஒவ்வொன்றின் தலையிலும் எழுது. தெரிந்த புரதங்கள், அவற்றின் புது வடிவங்கள், மாற்றுப் புரதங்கள் என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். மாற்றுப் புரதங்களின் அடையாள எண் ஐபி என்று தொடங்கும், புது வடிவங்களுடையது ஐஐ என்று தொடங்கும். மனிதன், எலி, வரிமீன், பழ ஈ, ஈஸ்ட் உட்பட 10 உயிரினங்கள் உண்டு.

இதன் பலம், வேறு யாரும் பார்க்காத இடத்தையும் பார்ப்பது. முக்கியப் புரதத்தின் சட்டகத்துக்குள்ளேயே, ஓர் எழுத்து தள்ளித் தொடங்கும் வேறொரு புரதம் இருக்கலாம். அங்கே ரைபோ-செக் திணறும், ஏனென்றால் முக்கியப் புரதத்தின் தாளம் இதன் தாளத்தை மூழ்கடித்துவிடும். எஃப்யூஎஸ் ஜீனுக்குள் ஒளிந்திருந்த 170 அமினோ அமில மாற்றுப் புரதத்தை இதே குழு 2021-இல் வெளிக்கொண்டுவந்தது. எஃப்யூஎஸ் என்பது ஏஎல்எஸ் நரம்புச் சிதைவு நோயோடு தொடர்புடைய ஜீன். முக்கியச் சட்டகத்தில் அமினோ அமிலத்தை மாற்றாததால் தீங்கற்றது என்று ஒதுக்கப்பட்ட ஒரு மரபு மாற்றம், மாற்றுச் சட்டகத்தில் புரதத்தையே மாற்றலாம். அரிய நோய்க் குடும்பங்களின் வரிசையை வைத்து விடை தேடுபவருக்கு இது உயிர்நாடியான விஷயம். இதற்கென்றே ஓப்பன்வார் என்ற கருவியையும் தந்திருக்கிறார்கள்.

இப்போது விலைக்கு வருவோம். கணக்குக்காக எண்களை நானே வைக்கிறேன். உங்கள் தேடலில் 1,00,000 பொருத்தங்கள் வருகின்றன, எஃப்டிஆர் (பொய்ப் பொருத்தங்களின் விகிதம்) 1 சதவீதம் வைத்தீர்கள். அப்படியானால் சுமார் 1,000 பொருத்தங்கள் பொய். இந்தப் பொய்கள் எங்கே போய் விழும்? கண்ணை மூடிக்கொண்டு எறிந்த கல் மாதிரி, பரப்பு எங்கே அதிகமோ அங்கே. மாற்றுப் புரதங்கள் உங்கள் தேடல் பரப்பில் பாதி என்றால், 500 பொய்கள் அவற்றின் மேல் விழும். உண்மையான பொருத்தங்களோ பெரும்பாலும் தெரிந்த புரதங்களில்தான் இருக்கும். மாற்றுப் புரதங்களில் உண்மையானவை 300 என்று வைத்துக்கொண்டால், உங்கள் கண்ணுக்குத் தெரிவது 800, அதில் பொய் 500. அறிக்கையில் "எஃப்டிஆர் 1 சதவீதம்" என்று இருக்கும். நீங்கள் கொண்டாடும் புதுப் புரதப் பட்டியலிலோ 60 சதவீதத்துக்கு மேல் பொய்.

தொடக்கத்தில் சொன்ன அந்த ஐநூறு இப்படித்தான் வருகிறது. ஓப்பன்ப்ராட் குழுவுக்கு இது நன்றாகத் தெரியும். தங்கள் மறு ஆய்வில் புரத அளவில் 0.001 சதவீதம் என்ற கடுமையான எஃப்டிஆர் வைத்தார்கள். முழுப் பட்டியலோடு, சான்று உள்ளவற்றை மட்டும் கொண்ட சிறிய கோப்புகளையும் தருகிறார்கள். பிரச்சினை, முழுக் கோப்பை இறக்கிவிட்டு வழக்கமான 1 சதவீதத்தை வைத்து ஓட்டும் நம்மிடம்தான் இருக்கிறது.

செய்ய வேண்டியவை: முதலில், குறைந்தது இரண்டு பெப்டைடு சான்று உள்ள சிறிய கோப்பிலிருந்து தொடங்குங்கள். அடுத்து, தெரிந்த புரதங்களுக்கும் மாற்றுப் புரதங்களுக்கும் எஃப்டிஆரைத் தனித்தனியாகக் கணக்கிடுங்கள். தனிக் கணக்கு போட்டால் பட்டியல் பாதிக்கும் கீழே சுருங்கும். மனசு கேட்காது. சுருங்கட்டும்.

புள்ளியியல் பிடிக்காத இன்னொரு பொறியும் உண்டு. மாற்றுப் புரதங்களில் சில, செயலிழந்த நகல் ஜீன்களின் டிரான்ஸ்கிரிப்ட்களிலிருந்து கணித்தவை. அவை மூல ஜீனின் புரதத்தை அச்சாக ஒத்திருக்கும், ஓரிரு எழுத்து மட்டும் மாறும். மாதிரியைத் தயாரிக்கும்போது அஸ்பரஜின் தானாகவே அம்மோனியாவை இழந்து அஸ்பார்ட்டிக் அமிலமாக மாறுவது சாதாரணம். மூலப் புரதத்தில் அஸ்பரஜினும் நகலில் அஸ்பார்ட்டிக் அமிலமும் இருந்தால், மென்பொருள் "நகல் ஜீனின் புரதம் கிடைத்தது" என்று சொல்லிவிடும். எனக்கு இது நடந்திருக்கிறது. அழகான ஸ்பெக்ட்ரம், எல்லா முகடுகளும் தெளிவு. மூன்று வாரம் அதன் பின்னால் அலைந்த பிறகுதான், அந்த மாற்றத்தைத் தேடல் அமைப்பில் நான் அனுமதிக்கவே இல்லை என்பது தெரிந்தது. அனுமதித்து மறுபடி ஓட்டியதும் அந்தப் புரதம் காணாமல் போயிற்று. லியூசினும் ஐசோலியூசினும் ஒரே நிறை, இரண்டு கிளைசின் சேர்ந்தால் ஓர் அஸ்பரஜினின் நிறை, கிளைசினும் அலனினும் சேர்ந்தால் ஒரு குளுட்டமினின் நிறை. இந்தச் சமன்பாடுகளை மனப்பாடமாக வைத்திருங்கள்.

30 கோடான் வரம்பையும் மறக்காதீர்கள். 2001-இல் அல்சைமர் நோயாளி ஒருவரின் மூளைத் திசுவிலிருந்து ஜப்பானியக் குழு கண்டெடுத்த ஹியூமனின் 24 அமினோ அமிலம்தான். அந்த அளவில் இன்னொன்று இருந்தால் இந்தக் கணிப்பு அதைத் தொடாது. பழ ஈயின் காலை வடிவமைக்கும் டார்சல்-லெஸ் பெப்டைடுகளில் பெரும்பாலானவை வெறும் 11 அமினோ அமிலம். அவை ஜென்கோட் வைத்த 16 என்ற வரம்புக்கும் கீழே.

## எஸ்எம்ப்ராட், சார்ஃப்ஸ்

சீன அறிவியல் அகாதமியைச் சேர்ந்தவர்கள் உருவாக்கிய எஸ்எம்ப்ராட் 100 அமினோ அமிலத்துக்கு உட்பட்டவற்றை மட்டும் சேர்க்கிறது. ரைபோ-செக், மாஸ் ஸ்பெக், வெளியான கட்டுரைகள், மற்ற தளங்கள் என்று எல்லாவற்றிலிருந்தும் திரட்டியது. 8 உயிரினங்களுக்குச் சேர்த்து 6 லட்சத்துக்கு மேல் பதிவுகள் உண்டு. ஈ. கோலையும் இருப்பது ஒரு வசதி. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்திலிருந்து 2016-இல் வந்த சார்ஃப்ஸ் தளம், ரைபோ-செக் டேட்டாவிலிருந்து 10 முதல் 100 அமினோ அமிலம் வரையுள்ள ஓஆர்எஃப்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பல மதிப்பெண்களைப் பக்கத்தில் போட்டுக் காட்டியது.

இவற்றை நான் தேடல் கோப்பாகப் பயன்படுத்துவதில்லை. சான்றுகள் பல தரத்தில் கலந்திருப்பதால், ஒவ்வொரு வரியும் எப்படி உள்ளே வந்தது என்று தனியாகத் துருவ வேண்டும். மற்ற வழியில் கிடைத்த ஒரு வேட்பாளரை "இதை வேறு யாராவது பார்த்திருக்கிறார்களா" என்று விசாரிக்க நல்ல இடம். ஒரு விஷயம்: சிறிய ஆய்வகங்கள் நடத்தும் தளங்கள் நிதி முடிந்தால் நின்றுபோகலாம். இறக்கிய கோப்பை, தேதியும் பதிப்பும் எழுதி, உங்கள் டேட்டாவோடு சேர்த்தே வைத்துவிடுங்கள். மதிப்பீட்டாளர் ஒரு வருடம் கழித்துக் கேட்கும்போது அதுதான் கைகொடுக்கும்.

## சொந்தமாக ரைபோ-செக் செய்து பட்டியல் கட்டுவது

வசதி இருந்தால் இதற்கு இணை இல்லை. உங்கள் செல்லில், உங்கள் சூழ்நிலையில் எது மொழிபெயர்க்கப்படுகிறதோ அது மட்டுமே பட்டியலில் வரும். சில ஆயிரம் வரிதான், தேடல் பரப்பு கச்சிதம்.

செலவு சீக்வென்சிங் கட்டணத்தோடு முடிவதில்லை. எடுத்த துண்டுகளில் பெரும்பகுதி ரைபோசோம் ஆர்என்ஏவாகவே இருக்கும், அதை நீக்குவது ஒரு பெரிய வேலை. ரைபோசோமை நிறுத்தப் பயன்படும் சைக்ளோஹெக்சிமைடே தடத்தைக் குலைக்கலாம். முதல் இரண்டு முயற்சியில் தாளம் சரியாக விழாது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். தொடக்க இடத்தை உறுதியாகப் பிடிக்க ஹாரிங்டோனின் போன்ற மருந்து போட்டு இன்னொரு சீக்வென்சிங் மாதிரியும் தயாரிக்க வேண்டியிருக்கும். பகுப்பாய்வுக்கு ரைபோகோட், ஓஆர்எஃப்குவான்ட், பிரைஸ் என்று பல மென்பொருள்கள் உள்ளன. குறைந்தது இரண்டில் ஓட்டி இரண்டிலும் வருவதை மட்டும் எடுங்கள்.

ரைபோ-செக் முடியாது, ஆனால் ஆர்என்ஏ-செக் (செல்லில் உள்ள ஆர்என்ஏக்களைப் படித்த டேட்டா) இருக்கிறது என்பவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு. உங்கள் செல்லில் இருக்கும் டிரான்ஸ்கிரிப்ட்களுக்கு மட்டும் ஓப்பன்ப்ராட்டைச் சுருக்கலாம். ஓப்பன்கஸ்டம்டிபி என்ற கருவி அதைச் செய்கிறது. செல்லில் இல்லாத ஆர்என்ஏ புரதம் தராது. அந்த ஒரு சல்லடையே பெரும்பகுதிக் குப்பையை எடுத்துவிடும்.

## உங்கள் நிலைமைக்கு எது

மனித செல், சாதாரண ட்ரிப்சின் டேட்டா, ரைபோ-செக் இல்லை: யூனிப்ராட்டும் ஜென்கோட் பட்டியலும். இது முடிந்து, பொருத்தம் கிடைக்காத நல்ல ஸ்பெக்ட்ரங்கள் மிஞ்சினால், அவற்றை மட்டும் ஓப்பன்ப்ராட்டின் சிறிய கோப்போடு ஓட்டிப் பாருங்கள்.

ஹெச்எல்ஏ பெப்டைடுகள்: இங்கே ட்ரிப்சின் வெட்டு என்ற கட்டுப்பாடே இல்லை. எந்த இடத்தில் வேண்டுமானாலும் பெப்டைடு தொடங்கலாம், முடியலாம். தேடல் பரப்பு ஏற்கெனவே ராட்சச அளவு. அதன் மேல் ஓப்பன்ப்ராட் முழுவதையும் ஏற்றாதீர்கள். ஜென்கோட் பட்டியல் போதும், புற்றுநோய்க் கட்டியின் சொந்த ரைபோ-செக் இருந்தால் இன்னும் நல்லது.

மரபு மாற்றங்களை விளக்குவது: ஓப்பன்ப்ராட்டும் ஓப்பன்வாரும். இங்கே மாஸ் ஸ்பெக் தேடலே இல்லை, அதனால் அகலத்துக்குப் புள்ளியியல் விலை குறைவு. கிடைத்ததை ஜென்கோட் பட்டியலோடு ஒப்பிட்டு, ரைபோசோம் தடம் உள்ளவற்றை முன்னால் வையுங்கள்.

எலி, வரிமீன், பழ ஈ: ஓப்பன்ப்ராட், துணைக்கு எஸ்எம்ப்ராட்.

தாவரம்: மேலே சொன்ன சின்னப் புரதப் பட்டியல்கள் எதுவும் உதவாது. அராபிடாப்சிஸுக்கு ஆரா-பெப்ஸ், மற்ற பயிர்களுக்கு பிஎஸ்ஓஆர்எஃப் என்று தனித் தளங்கள் உள்ளன. நெல்லில் வேலை செய்பவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

பாக்டீரியா: பிரச்சினையின் முகமே வேறு. ஜீனைக் கணிக்கப் பரவலாகப் பயன்படும் ப்ராடிகல் மென்பொருள் 90 எழுத்துக்குக் குறைந்ததைத் தானாகவே விட்டுவிடுகிறது. மனித உடலில் வாழும் நுண்ணுயிர்களின் 1,773 மெட்டாஜீனோம்களை (கலந்து வாழும் நுண்ணுயிர்களின் மொத்த டிஎன்ஏ தொகுப்புகளை) துருவிய 2019 ஆய்வு ஒன்று, 4,000-க்கு மேற்பட்ட சின்னப் புரதக் குடும்பங்களை எடுத்துக் காட்டியது. குடல் நுண்ணுயிர் டேட்டா வைத்திருப்பவர் மனிதப் பட்டியல்களைப் பற்றிய இந்தச் சண்டைக்குள் வராமல், நேரே அந்தத் திசையில் போவது நல்லது.

## ஒரு பெப்டைடு கிடைத்துவிட்டது, இனி?

மனிதப் புரோட்டியோம் திட்டத்தின் விதி, ஒரு புரதத்தை உறுதிசெய்ய 9 அமினோ அமிலத்துக்குக் குறையாத, ஒன்றுக்குள் ஒன்று அடங்காத இரண்டு தனித்துவமான பெப்டைடு வேண்டும் என்கிறது. நல்ல விதி. ஆனால் ஹியூமனினை ட்ரிப்சினால் வெட்டிப் பாருங்கள். லைசினுக்கும் ஆர்ஜினினுக்கும் பின்னால் ட்ரிப்சின் வெட்டும். கிடைப்பவை 4, 17, 1, 1, 1 நீளத் துண்டுகள். கருவி பார்க்கக்கூடியது அந்த 17 ஒன்றுதான். எத்தனை கோடி ஸ்பெக்ட்ரம் எடுத்தாலும் இரண்டாவது பெப்டைடு வராது. ஆகவே விதிப்படி தேறாத ஒன்றை உடனே குப்பையில் போடாதீர்கள். கணினியில் வெட்டிப் பார்த்து, இரண்டு வருவதற்கு வாய்ப்பாவது இருந்ததா என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றால் வேறு நொதியால் வெட்டி மாதிரியை மறுபடி தயாரிக்கலாம்.

அப்புறம் அந்தப் பெப்டைடை யூனிப்ராட் முழுவதற்கும் எதிராக, தெரிந்த மரபு வேறுபாடுகளையும் சேர்த்து ஒப்பிடுங்கள். அயர்லாந்தின் கார்க் நகரக் குழு நடத்தும் டிரிப்ஸ்-விஸ், க்விப்ஸ்-விஸ் தளங்களில் அந்த இடத்தில் ரைபோசோம் தடம் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். எல்லாம் சரியாக வந்தால், அதே பெப்டைடைச் செயற்கையாகச் செய்து வாங்கி, இரண்டு ஸ்பெக்ட்ரங்களையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். கருவியை விட்டு வெளிவரும் நேரமும் ஒத்துப்போக வேண்டும்.

அதுவும் பொருந்திவிட்டால் யூனிப்ராட்டுக்கு எழுதுங்கள். தளத்திலேயே அதற்கு ஒரு படிவம் இருக்கிறது. பதிவு ஆவதற்கு நாளாகலாம். ஆனால் அது ஏறிவிட்டால், அந்த வரியை உலகில் வேறு யாரும் தனியாக இறக்கித் தேட வேண்டியிருக்காது. அவர்கள் வழக்கமாக ஓட்டும் கோப்பிலேயே அது இருக்கும்.